கழுவக் கழுவச் சாகும் மீன்கள்
வீட்டு மீன்தொட்டி ஒன்றை மீட்டெடுத்த கதை

"ஒவ்வொரு ஞாயிறும் கல்லு, மண் எல்லாத்தையும் வெளியில எடுத்து, சவர்க்காரத் தூள் போட்டு, பளிச்செண்டு கழுவித்தான் திருப்பி வைக்கிறன். கழுவக் கழுவச் சாகுது. எங்கட கைராசி அப்பிடி. நாங்கள் தொட்டது ஒண்டும் நிலைக்கிறேல்லை."

அந்தத் தாய் இதைச் சொன்னபோது அவருடைய பத்து வயது மகள் தொட்டியின் அருகில் தலைகுனிந்து நின்றாள். மீன் வேண்டும் என்று கேட்டவள் அவள். மூன்று மாதங்களில் மூன்று தடவையாக வாங்கிய 14 மீன்களில், நாங்கள் போன அன்று உயிரோடு இருந்தவை ஐந்து மட்டுமே. இரண்டு பொன்மீன்களும் மூன்று கப்பிகளும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

இக்குடும்பம் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தது. 1990 யூன் மாதத்தில் ஊரை விட்டு வெளியேறியவர்கள். உறவினர் வீடு, நலன்புரி நிலையம், வாடகை வீடு என்று பல இடங்களில் இருந்துவிட்டு, இன்று குடாநாட்டின் இன்னொரு பகுதியில் இரண்டு பரப்புக் காணியில் ஒரு சிறு வீட்டில் வாழ்கிறார்கள். வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்தபோதும், இவர்களுடைய செம்மண் தோட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்த தாத்தா இன்று முற்றத்தில் உரப்பைகளில் நாலு மிளகாய்க் கன்று வைத்திருக்கிறார்.

மாதர் சங்கத்தினூடாக ஒரு சிறு கடன் அத்தாய்க்கு ஒழுங்காகியிருந்தது. இரண்டு சீமெந்துத் தொட்டி கட்டி, அலங்கார மீன் வளர்த்து, பட்டணத்துக் கடைகளுக்குக் கொடுப்பது திட்டம். வீட்டிலிருந்த கண்ணாடித் தொட்டி அதற்கான ஒத்திகை. ஒத்திகையிலேயே மீன்கள் செத்துக்கொண்டிருந்தபடியால், "கடன் வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கப் போறன்" என்றார் அவர்.

வீடும் கிணறும் காணியும் பேச வேண்டிய இந்த இதழில் மீன்தொட்டிக்கு ஏன் இத்தனை பக்கங்கள் என்று சிலர் கேட்கலாம். தொட்டது எதுவும் நிலைப்பதில்லை என்று ஒரு குடும்பம் நம்பத் தொடங்குவது சிறிய விடயம் அல்ல. அந்த நம்பிக்கை பிழை என்பதை அந்தத் தொட்டியை வைத்தே காட்ட முடிந்தது. அதனால்தான் எழுதுகிறோம்.

தொட்டியில் கண்டவை

இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி அது. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 55 லீற்றர் பிடிக்கும். கல்லுக்கும் மேல் இடைவெளிக்கும் கழித்தால் 45 லீற்றர் தண்ணீர் இருக்கும். தொட்டிக்குள் ஒரு ஸ்பொஞ் பில்ரர், அதாவது காற்று மோட்டரால் இயங்கும் பஞ்சு வடிகட்டி இருந்தது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் மோட்டரை நிறுத்திவிடுவார்கள். தொட்டி யன்னலோரத்தில் இருந்ததால் காலை வெயில் நேரே விழுந்தது. சாப்பாடு நாளுக்கு மூன்று வேளை. வாங்கிய தீனுக்கு மேலதிகமாகப் பாணும் சோறும் போட்டார்கள்.

கிழமைக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கல்லையும் பஞ்சையும் சவர்க்காரத்தில் கழுவி, குளோரீன் கலந்த குழாய்நீரை நேரே நிரப்பி, அதே நிமிடம் மீன்களை விட்டார்கள்.

அத்தாயைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் எழவில்லை. சில வருடங்களுக்கு முன் இன்னொரு வீட்டில் மீன் நோயுற்றபோது, "எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள்" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். நாலு நாளில் அந்தத் தொட்டி வெறுமையானது. துப்புரவு என்றால் கழுவுவது என்றே நாமெல்லோரும் பழகியிருக்கிறோம். மீன்தொட்டிக்கு அது பொருந்தாது என்பதை அதற்குப் பின்னரே படித்தறிந்தோம்.

தண்ணீருக்குள் நடக்கும் எருவேலை

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் பூக்களின் வழியாக அமோனியாவாக வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனும் செத்த இலையும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. அமோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. குளத்திலே தண்ணீர் பெரிது, மீன் சிறிது, நஞ்சு ஐதாகிவிடும். 45 லீற்றருக்குள் அது ஐதாக வழியில்லை.

ஆனாலும் நல்ல தொட்டியில் மீன்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. காரணம், கண்ணுக்குத் தெரியாத இரண்டு வகைப் பற்றீரியாக்கள். முதலாவது வகை அமோனியாவை நைத்திரைற்று என்னும் பொருளாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இரண்டாவது வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. இந்த நைத்திரேற்று அதிகம் சேராதவரை மீனுக்குப் பெரிய தீங்கு செய்யாது. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதை விட, பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டியே பெருமளவில் வாழ்கின்றன. இவற்றுக்கு ஒட்சிசன் இடைவிடாது வேண்டும்.

இவ்வளவையும் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்க, கதிரையில் இருந்து பேசாமல் கேட்ட தாத்தா குறுக்கிட்டார்.

"அப்ப இது மண்ணுக்க நடக்கிற வேலைதானே, தம்பி? மாட்டெருவைத் தாட்டா உடன பயிர் எடுக்காது. அது உக்கி மாறவேணும். பச்சை எருவுக்க கண்டை வைச்சா கண்டு கருகும்."

மிகச் சரி. அதே வேலைதான். மண்ணில் இந்த மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்களை ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். யூரியா போட்டாலும் எரு போட்டாலும் அது மண்ணில் அமோனியாவாகி, பின் நைத்திரேற்றாகி, பயிருக்குப் போய்ச் சேர்கிறது. 1990களில் வடக்கே யூரியா வராத காலத்தில் மாட்டெருவையும் பூவரசங் குழையையும் தாட்டுப் பயிர் செய்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

இப்போது அத்தாயின் ஞாயிற்றுக்கிழமை வேலையை எண்ணிப் பாருங்கள். சவர்க்காரமும் குளோரீனும் அந்தப் பற்றீரியாக்களை வாரந்தோறும் கொன்றன. அழுக்கை அழுக வைக்கும் சாதாரணப் பற்றீரியாக்கள் அரை மணித்தியாலத்திலும் இரட்டிப்பாகலாம். நமக்கு உதவும் இவையோ இரட்டிப்பாகப் பல மணித்தியாலங்கள், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். எனவே தொட்டி ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்றுமில்லாத நிலத்திலிருந்து தொடங்கியது. கண்ணாடி பளபளத்தது. மீன் நஞ்சிலே நீந்தியது.

நம்முடைய தண்ணீரின் குணம்

குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறுவது; வன்மையும் காரத்தன்மையும் உடையது. அமோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவில் நஞ்சல்ல. காரத்தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், அமோனியாவின் நஞ்சான பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் அது கூடும். ஆகவே நம்முடைய வெப்பத்திலும் நம்முடைய தண்ணீரிலும் சிறு தவறுக்கும் தண்டனை பெரிது.

ஒட்சிசனும் அவ்வாறே. 25 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம் மட்டுமே. வெயிலில் பாசி பிடித்த தொட்டியில், பகலில் ஒட்சிசனைக் கொடுக்கும் பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்ளும். மோட்டரும் நின்றிருந்தால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதில் வியப்பில்லை.

முதற் கிழமை: குறையச் செய்தல்

அந்த வீட்டில் நாங்கள் சொன்னவற்றை ஒழுங்காகத் தருகிறோம். உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் இது பொருந்தும்.

1. செத்த மீன், அழுகிய இலை, கிடக்கும் தீன் ஆகியவற்றை உடனே அகற்றுங்கள். வேறொன்றையும் கிளற வேண்டாம்.

2. இரண்டு மூன்று நாட்களுக்குத் தீன் போடாதீர்கள். வளர்ந்த மீன் அதைத் தாங்கும். உள்ளே போகாத தீன் நஞ்சாகவும் மாறாது.

3. காற்று மோட்டர் இரவும் பகலும் ஓடட்டும். சிறிய மோட்டருக்குச் செல்லும் மின்சாரம் மிகச் சிறிது.

4. தொட்டியை வெயில் நேரே விழாத இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி வெடிக்கும். பெரும்பகுதித் தண்ணீரைச் சுத்தமான வாளிகளில் எடுத்து வைத்து, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். அல்லது யன்னலுக்கு ஒரு துணி கட்டுங்கள்.

5. நாளுக்கு ஒரு தடவை, காற்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். 45 லீற்றர்த் தொட்டிக்கு அது ஏறக்குறைய 11 லீற்றர், ஒரு பெரிய வாளி. றபர் குழாயை முதலில் தண்ணீரால் நிரப்பி, ஒரு நுனியைத் தொட்டியின் அடியில் பிடித்து, மறு நுனியைக் கீழே உள்ள வாளிக்குள் விட்டால் அடியிலுள்ள அழுக்கோடு தண்ணீர் இறங்கும். வாயால் உறிஞ்சாதீர்கள்.

6. புதிதாக விடும் தண்ணீரில் குளோரீன் இருக்கக் கூடாது. குழாய்நீரையும் பௌசர் நீரையும் அகன்ற வாளியில் 24 முதல் 48 மணித்தியாலம் திறந்து வைத்தால் குளோரீன் பறந்துவிடும். அவசரமென்றால் மீன் கடைகளில் விற்கும் குளோரீன் நீக்கியைப் பாவிக்கலாம். கிணற்றுக்குக் குளோரீன் தூள் போட்டிருந்தால், மணம் முற்றாக நீங்கச் சில நாட்கள் பொறுங்கள். வாளியை நுளம்புவலைத் துணியால் மூடுங்கள். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பை வளர்த்து மீனைக் காப்பாற்றுவது நல்ல வியாபாரம் அல்ல.

7. பஞ்சைக் குழாய்நீரில் காட்டாதீர்கள். அடைபட்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் வாளிக்குள் இரண்டு முறை மெல்லப் பிழிந்து திரும்ப வையுங்கள். சவர்க்காரம் தொட்டிக்கு அருகிலும் வரக் கூடாது.

ஏன் காற்பங்கு மட்டும் என்று அத்தாய் கேட்டார். மீனின் உடல் தண்ணீரின் உப்புக்கும் வன்மைக்கும் வெப்பத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொண்டுதான் வாழ்கிறது. ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் அதைத் தாங்க முடிவதில்லை. ஓர் ஊரிலிருந்து ஒரே இரவில் இன்னோர் ஊருக்குத் தூக்கி எறியப்பட்டவர்களுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவை இருக்கவில்லை.

உறை மோர்

கழுவி அழித்த பற்றீரியா தானாகவும் வரும், நாட்கள் செல்லும். விரைவாக்க ஒரு வழி உண்டு. பாலைத் தோய்க்க உறை மோர் விடுவது போல, நல்ல நிலையிலுள்ள வேறொரு தொட்டியின் பஞ்சைப் பிழிந்த கலங்கல் நீரையோ, அதன் அடிக்கல்லில் ஒரு சிரங்கையையோ கொண்டுவந்து சேர்க்கலாம். அயலிலுள்ள பாடசாலை ஒன்றின் தொட்டியிலிருந்து ஒரு சிரங்கை கல்லை ஈரம் காயாமல் வாங்கி வந்தோம். அத்தாயின் முகம் சுருங்கியது. ஊத்தைக் கல்லை நாம் வேண்டுமென்றே போடுகிறோம்! நோயுள்ள தொட்டியிலிருந்து மட்டும் எதையும் எடுக்கக் கூடாது.

பொன்மீன் அதிகம் தின்னும், அதிகம் கழிக்கும், பெரிதாக வளரும் இனம். 45 லீற்றர் அதற்குப் போதாது. அந்த இரண்டையும் பாடசாலையின் பெரிய சீமெந்துத் தொட்டிக்கு மாற்றினோம். அதில் ஒன்று நாலாம் நாள் இறந்துவிட்டது. நஞ்சு ஏற்கனவே பூக்களை எரித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

பொறுமையின் ஆறு கிழமைகள்

புதிய அல்லது கழுவி அழிந்த தொட்டியில் முதலில் அமோனியா ஏறும். பின் அது இறங்க நைத்திரைற்று ஏறும். கடைசியில் இரண்டும் இல்லாமற் போய் நைத்திரேற்று மட்டும் மிஞ்சும். இதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு கிழமைகள் எடுக்கும். உறை சேர்த்தால் குறையலாம். நீரைச் சோதிக்கும் துளி மருந்துகள் பட்டணத்து மீன் கடைகளில் கிடைக்கின்றன. சங்கமாகச் சேர்ந்து ஒன்று வாங்கினால் பல வீடுகளுக்கு உதவும். அது இல்லாவிட்டால் மீனே சோதனை. மேலே வந்து வாய் திறத்தல், செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்றல், பூ சிவந்திருத்தல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே காற்பங்கு நீரை மாற்றி, தீனை நிறுத்துங்கள்.

நைத்திரைற்று மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் செய்கிறது. இதே கேடு மனிதருக்கும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எல்லையைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்தால், அது குழந்தையின் உடலில் நைத்திரைற்றாக மாறி மூச்சைத் தாக்கலாம். கொதிக்க வைப்பதால் அது நீங்காது. மீனுக்காகத் தண்ணீரைப் பற்றிப் படித்த ஒரு வீடு, குழந்தைக்காகவும் தன் கிணற்றைச் சோதிக்கக் கேட்கட்டும்.

இரண்டாம் கிழமையில் தண்ணீர் பால் போலக் கலங்கியது. புதுத் தொட்டியில் பற்றீரியா திடீரெனப் பெருகும்போது இப்படி நேர்வதுண்டு. சில நாட்களில் தானாகத் தெளியும். ஆனால் கலங்கலைக் கண்ட அத்தாய்க்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு காலை வாளியோடும் சவர்க்காரத் தூளோடும் வந்துவிட்டார். மகள் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாளாம்.

"அம்மா, எருக்கிடங்கைக் கிளறாதேங்கோ. தாத்தா சொன்னவர் எல்லே!"

அன்று அத்தொட்டி காப்பாற்றப்பட்டது அந்தப் பிள்ளையால்தான். ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது.

தீனும் கணக்கும்

தீனை மீண்டும் தொடங்கும்போது நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். கிழமையில் ஒரு நாள் ஒன்றும் வேண்டாம். பாணும் சோறும் தண்ணீரைக் கெடுக்கும். தொட்டி நிலைத்த பின் கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு நீர் மாற்றினால் போதும். புது மீன் வாங்கினால் ஒரே நாளில் பத்தை விடாமல், இரண்டு மூன்றாகக் கிழமை இடைவெளியில் சேருங்கள். முடியுமானால் முதல் இரண்டு கிழமை வேறு பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள்.

குளத்து வேலம்பாசி தொட்டிக்கு நல்லது; அமோனியாவையும் நைத்திரேற்றையும் உறிஞ்சி வளரும். கொண்டுவந்தவுடன் போடாமல், கழுவி, தனி வாளியில் ஒரு கிழமை வைத்து, அட்டையும் நத்தை முட்டையும் இல்லையென்று பார்த்துச் சேருங்கள்.

நோய் கண்டால்

மீனின் உடலில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது வெள்ளைப்புள்ளி நோய். காரணம் ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து பெருகி, புது மீனைத் தேடி நீந்தும்போதே சாகும். எனவே புள்ளி மறைந்த அன்றே சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஒரு லீற்றருக்கு 2 கிராம் கணக்கில் கல்லுப்பை, 45 லீற்றருக்கு 90 கிராம், வேறு பாத்திரத்தில் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்த்து, 10 முதல் 14 நாட்கள் வைத்திருங்கள். நீர் மாற்றும்போது எடுத்த நீருக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். கப்பியும் மொலியும் உப்பை நன்றாகத் தாங்கும். செதிலில்லாத கெளிற்று இனங்களும் நீர்ப்பூண்டுகளும் அவ்வளவு தாங்கா.

செட்டை கரைவதற்குப் பெரும்பாலும் கெட்ட நீரே காரணம். நீர் திருந்தினால் செட்டை வளரும். மனிதருக்குத் தந்த நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை உடைத்துத் தொட்டியில் போடும் பழக்கத்தை விடுங்கள். அது பஞ்சிலுள்ள நல்ல பற்றீரியாவையும் கொல்லும். மருந்துக்கு அசையாத கிருமிகளையும் உருவாக்கும்.

மாதக்கணக்காகத் தொடாத தொட்டி

சில வீடுகளில் சிக்கல் நேர்மாறானது. மாதக்கணக்காக நீர் மாற்றாமல், குறைந்த நீரை மட்டும் நிரப்பி வருவார்கள். அத்தகைய தொட்டியில், சிறப்பாக மழைநீரில் தொடங்கியிருந்தால், நீர் மெல்லப் புளித்து அமிலமாகும். அங்கே அமோனியா நஞ்சு குறைந்த வடிவில் அடங்கியிருக்கும். ஒரு நாள் மனம் வந்து முழுவதும் சுண்ணாம்புக் கிணற்று நீரை ஊற்றினால் அடங்கியிருந்தது ஒரே நேரத்தில் நஞ்சாக எழும். பழைய தொட்டியிலும் மெதுவாகவே போங்கள்: முதற் கிழமை நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, பின்னர் காற்பங்கு.

மின்சாரம் நின்றால்

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கமாட்டோம். அப்படியான நேரம் தீன் போடாதீர்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு செம்பால் தண்ணீரை அள்ளி, ஓரடி உயரத்திலிருந்து பலமுறை ஊற்றுங்கள், காற்றுக் கலக்கும். பஞ்சை அசையும் நீரில் வைத்திருங்கள். உள்ளிருக்கும் பற்றீரியாவும் மூச்சுவிட வேண்டும்.

வெளியே ஊற்றும் நீர்

தொட்டியிலிருந்து எடுக்கும் நீரில் பயிருக்கு வேண்டிய நைத்திரேற்று இருக்கிறது. அதைக் கானில் ஊற்றாமல் கன்றுகளுக்கு ஊற்றுங்கள். உப்போ மருந்தோ போட்ட நீரை மட்டும் தவிர்க்கவும்.

வேண்டாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். ராங் கிளீனர் என்று கடையில் விற்கும் தென்னமெரிக்க மீன் அப்படி வெளியேறி இலங்கையின் நீர்நிலைகளில் பெருகி, நன்னீர் மீனவரின் வலைகளுக்குத் தொல்லையாகியிருக்கிறது. வேறு யாருக்காவது கொடுங்கள், அல்லது கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

ஏழாம் கிழமை

ஏழாம் கிழமை நாங்கள் போனபோது பிள்ளை படலையடியிலேயே காத்திருந்தாள். "பதினேழு!" என்றாள். கப்பி குட்டி போட்டிருந்தது. கப்பி முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும் இனம். ஏறக்குறைய நான்கு கிழமைக்கு ஒருமுறை ஈனும். தாயே குட்டிகளைத் தின்றுவிடும் என்பதால் வேலம்பாசியை அடர்த்தியாக விட்டிருந்தார்கள். அதற்குள் குட்டிகள் ஒளிந்திருந்தன. கண்ணாடியின் ஓரத்தில் கொஞ்சம் பாசி இருந்தது. அத்தாய் அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "துடைக்கேல்லை" என்றார் சிரித்தபடி.

கடனை வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு தொட்டிக்குப் பதில் ஒன்றைக் கட்டித் தொடங்கும்படி நாங்கள் சொன்னோம். இலங்கை பல நாடுகளுக்கு அலங்கார மீன் அனுப்புகிறது. அதில் கப்பிக்கு முதன்மையான இடம் உண்டு. ஆயினும் வாங்குபவர் யார், எந்த நிறம், எந்த அளவு கேட்கிறார் என்று அறியாமல் வளர்த்தால் குட்டிகள் பெருகும், காசு பெருகாது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, நக்டா, இத்துறைக்குப் பொறுப்பானது. அதன் உத்தியோகத்தரையும் பட்டணத்துக் கடைக்காரரையும் கண்டு பேசிய பின்னரே சீமெந்து வாங்குங்கள்.

சிறிய காரியத்தில் உண்மையாயிருப்பவரைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். 45 லீற்றர் தண்ணீர் சிறிய காரியந்தான். அதைக் காத்தவர்கள் தங்கள் கைகளில் குறை எதுவும் இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

நாங்கள் புறப்படும்போது தாத்தா அன்று எடுத்த தொட்டித் தண்ணீரைச் செம்பால் அள்ளி மிளகாய்க் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். "காணி அங்க கிடக்கு, பிள்ளையள்" என்றார். "ஆனா கமம் செய்யிற அறிவை நான் விட்டிட்டு வரேல்லை. இவ்வளவு நாளும் அதை எங்க பாவிக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

உங்கள் வீட்டுத் தொட்டியும் நோயுற்றிருந்தால் இந்த ஞாயிறு அதைக் கழுவாதீர்கள். ஒரு வாளி தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மறுநாளும் ஒரு வாளி. பிறகு பொறுத்திருங்கள்.